திஹுவானாவின் 'பந்து'

சான் டியேகோ வரை வந்துவிட்டுத் திஹுவானா கலாசார மையத்தைப் பார்க்காமல் விமானம் ஏறுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசே ஆறாது. சான் டியேகோவின் ட்ராலி ரயிலில் நீலத் தடத்தில் ஏறினால் கடைசி நிறுத்தம் சான் இசித்ரோ. அங்கிருந்து மெக்சிகோ எல்லையை நடந்தே கடந்து டாக்சி பிடித்தால், கொஞ்ச நேரத்தில் மையத்தின் கோளம் கண்ணில் படும்.

படும் என்ன, மறைக்கவே முடியாது! மணல் நிறத்தில், ஒரு ஜன்னல்கூட இல்லாமல், அகலமான சாலையோரம் அவ்வளவு பெரிய உருண்டை. ஊர்க்காரர்கள் அதை 'லா போலா', அதாவது பந்து என்கிறார்கள். 1982இல் திறந்தது. மெக்சிகோ நகரத்தில் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தையும் அஸ்தெகா ஸ்டேடியத்தையும் வடிவமைத்த பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ், மனுவேல் ரோசென் மோரிசனோடு சேர்ந்து செய்த வேலை. நாட்டின் கடைக்கோடி ஊருக்கும் தலைநகரத் தரத்தில் ஒரு கலைக்கூடம் வேண்டும் என்று நினைத்தார்களே, அந்த நினைப்புக்கே ஒரு கும்பிடு.

கோளத்துக்குள் ஐமாக்ஸ் அரங்கு. திரை எதிரில் இல்லை. தலைக்கு மேலே கவிந்து நிற்கிறது. வர்ணனை ஸ்பானிய மொழியில்தான். அதனால் என்ன? சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் மொழியே தேவைப்படவில்லை.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கலிபோர்னியாக்களின் அருங்காட்சியகம். 2000இல் தொடங்கியது. நுழைந்ததும் குகை ஓவியங்களின் நகல்கள். பாஹா கலிபோர்னியா மலைகளில் மனிதர்களும் மான்களுமாகச் சிவப்பிலும் கறுப்பிலும் ஆதிகுடிகள் தீட்டியவை. அசல் ஓவியங்கள் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. அடுத்து 16ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றின் மாதிரி. பாய்மரக் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு 1697இல் லொரேத்தோவில் தொடங்கிய இயேசு சபையாரின் மிஷன்கள், சரக்கு ரயில் என்று கதை நீள்கிறது. மெக்சிகோவும் அமெரிக்காவும் 1848இல் செய்த ஒப்பந்தம் மேல் கலிபோர்னியாவை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. கீழ்க் கலிபோர்னியா, அதாவது பாஹா, மெக்சிகோவோடு நின்றது. காலையில் நான் வரிசையில் நின்று கடந்த கோடு எப்படி விழுந்தது என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. பாடப்புத்தகம் இதைச் செய்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மையம் நிற்கும், இன்று பளபளக்கும் இந்த ஆற்றோரப் பகுதியில் ஒரு காலத்தில் அட்டையிலும் பழைய பலகையிலும் குடிசை போட்டு ஏழைகள் வாழ்ந்தார்கள். 'கார்த்தோலாந்தியா' என்று பெயர். 1970களில் அவர்களை அப்புறப்படுத்தி, ஆற்றுக்குக் கான்கிரீட் கரை கட்டித்தான் புதுநகரை எழுப்பினார்கள். அந்த மக்களையும் நினைத்துக்கொண்டே இந்த முற்றத்தில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

பக்கத்திலேயே 2008இல் வந்த 'எல் கூபோ' என்ற கனசதுரக் காட்சிக்கூடம், ஏறக்குறைய ஆயிரம் பேர் உட்காரும் நிகழ்ச்சி அரங்கு, பண்டைய மெக்சிகோச் சிற்பங்களின் நகல்கள் நிற்கும் தோட்டம். எல்லாம் ஒரே வளாகத்தில்! மலிவான மருந்துக்கும் ராத்திரிக் கூத்துக்கும் மட்டும்தான் திஹுவானா என்று யாராவது சொன்னால் இனி நான் சண்டைக்கே போவேன்.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம்; திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைய உங்கள் விசா இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. திரும்பும் வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.