இருவாயியும் உவமையின் எல்லையும்

அறிவியலைத் தமிழில் விளக்க முற்படுவோர் உவமையை நாடுதல் இயல்பே. குறைகடத்தி இருவாயி பற்றிய விளக்கங்களும் பெரும்பாலும் ‘ஒருவழிக் கதவு’ என்னும் உவமையோடு தொடங்கி, அதனோடே நின்றுவிடுகின்றன. அவ்வுவமை பிழையன்று, எனினும் போதாது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

1990களில் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் மின்கலமும் அரிதாகிய வேளை, ஜெயபுரம் உள்ளிட்ட வன்னிப் பெருநிலப்பரப்பில் துவிச்சக்கரவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கும் வழக்கம் நிலவியது. தைனமோ தருவது ஆடலோட்டம். அதனை நேரோட்டமாக்க இருவாயியும் கொள்ளளவியும் வேண்டும். வானொலிப் பெட்டியினுள்ளே மத்திய அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் உணர்சுற்றிலும் இவ்விரண்டுமே தொழிற்படுகின்றன. வடிவில் இரு சுற்றுக்களும் உடன்பிறப்புக்கள். கதவு உவமைக்கு அவற்றிடையே வேறுபாடு தோன்றாது.

வேறுபாடு அளவிலேயே உள்ளது. சிலிக்கன் இருவாயி நன்கு கடத்துவதற்கு ஏறத்தாழ 0.6 வோல்ற்று வேண்டும். தைனமோவின் 6 வோல்ற்றில் இவ்விழப்புப் பொறுக்கத்தக்கது. நலிந்த வானொலிச் சைகையோ அவ்வளவையே எட்டாது போகலாம். ஆதலாற்றான் உணர்சுற்றுக்கு ஏறத்தாழ 0.2 வோல்ற்றிலேயே கடத்தத் தொடங்கும் ஜேர்மானிய இருவாயி விரும்பப்பட்டது. கொள்ளளவியின் நிலையும் இத்தகையதே. தைனமோச் சுற்றில் அது பெரிதாகுந்தோறும் ஓட்டம் சீர்படும். உணர்சுற்றில் மிகப் பெரிதாயின் குரலே மழுங்கும். 1 மெகாஹேர்ட்ஸ் காவியலையின் ஆவர்த்தன காலம் 1 மைக்கிரோசெக்கன். 5 கிலோஹேர்ட்ஸ் ஒலியினது 200 மைக்கிரோசெக்கன். 10 கிலோஓம் தடையியும் 0.002 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியும் இணைந்து தரும் 20 மைக்கிரோசெக்கன் இவ்விரண்டிற்கும் இடையே அமைகின்றது. காவியலை வடிகட்டப்படுகின்றது, குரல் தப்பிவிடுகின்றது. சுற்றமைப்பின் கலை இவ்விடைநிலையைத் தெரிவதிலேயே தங்கியுள்ளது.

ஜகதீஸ் சந்திர போஸ் கலேனாப் படிக உணர்கருவிக்கு 1901இல் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றமையை நம்மவர் பெருமையுடன் எடுத்தோதுவர். அப்பெருமை தக்கதே. ஆயின், அப்படிகம் எவ்வாறு உணர்ந்தது என்பதைத் தமிழில் விளக்காத புகழுரை வெறும் வாழ்த்தாகவே எஞ்சும்.

உவமை வாயில்வரை அழைத்துச் செல்லும்; உள்ளே புகுவதற்கு எண்கள் வேண்டும். இல்லாமையின் நடுவே தம் கையாற் சுற்றமைத்து வானொலி கேட்ட மக்களின் மொழிக்கு, அவ்வெண்களையும் சொல்லும் ஆற்றல் உண்டு. அதனைப் பயன்கொள்ளாமை மொழியின் குறையன்று, எழுதுவோரின் குறையேயாம்.