விகாரம் என்பது விடையாகுமா?

'வந்தான்' என்பதைப் பகுக்கச் சொன்னால் பள்ளிச் சிறுவன் பாராமல் ஒப்பிக்கிறான்: பகுதி 'வா', அது 'வ' எனக் குறுகியது விகாரம். ஏன் குறுகிற்று? 'வருவான்' என்பதில் ரகரம் எங்கிருந்து நுழைந்தது? அதற்கும் விகாரம் என்றே விடை! நன்னூலார் 'வா'வை வினைப்பகுதிக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். தமிழ் ஒன்றையே கொண்டு தமிழை விளக்கியவர்க்கு அதற்குமேல் வழியில்லை. வழியிருந்தும் நாம் உரையாசிரியர் நிழலிலேயே ஒதுங்குவது தகுமோ?

வழி தொலைவிலும் இல்லை. மம்சாபுரத்தில் 'வா' என்று அழைக்கும் இளைஞன், இராசபாளையம் சென்றால் தெலுங்கு வீட்டு வாயிலில் 'ரா' என்று கேட்கிறான். வேறு சொல் எனக் கருதுகிறான். அன்று, தோழர்களே! நம் 'உரல்' தெலுங்கில் 'ரோலு'. நம் 'மரம்' பழந்தெலுங்கில் 'ம்ரானு'. நடுவே நின்ற ரகரம் முன்னே நகர்வது அம்மொழியின் இயல்பு. அவ்வாறே 'வர' என்பது 'வ்ரா' ஆகி, வகரம் உதிர்ந்து 'ரா' ஆயிற்று. நம் 'வாரான்' அங்கே 'ராடு'. கன்னடத்தில் வகரம் பகரமாகி, 'பா', 'பரு', 'பந்து' என நிற்கிறது. வடபுலத்துக் குருக்கு மொழியிலும், பலுசித்தானத்துப் பிராகூயிலும்கூட இவ்வினை பகரத்தோடு உயிர் வாழ்கிறது.

இவற்றை ஒப்பிட்டு, ஏட்டில் எங்கும் காணாத மூலவடிவை உடுக்குறியிட்டு மீட்டமைப்பர் அறிஞர். பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி, திராவிட மொழிகளைப் பற்றி 2003-இல் வெளியிட்ட நூலில், வகர அகரத்துக்குப் பின் ஒரு தொண்டையொலியை நிறுத்துகிறார். அவ்வொலி மறைந்தபோது சில வடிவங்களில் உயிர் நீண்டது: வா. சிலவற்றில் குறிலாகவே நின்றது: வரு, வந். ரகரமோ பின்னர்ச் சேர்ந்த உறுப்பு. 'தா, தரு, தந்தான்' என்பதற்கும் இதே விளக்கம் பொருந்துகிறது. நம் ஆய்தம் அத் தொண்டையொலியின் எச்சம் என்பதும் அவர் கருத்து. இது ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஆனால் காரணம் காட்டுகிறது, மறுக்கவும் இடம் தருகிறது. விகாரம் என்ற சொல் இரண்டையும் செய்யாது.

நம்மவரிடையேயும் ஒரு மயக்கம் உண்டு. பர்ரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில், தமிழ்ச்சொல் கிடைத்த இடமெல்லாம் பதிவு தமிழிலேயே தொடங்குகிறது. 'பார், தமிழே தாய்!' என மேடையேறி முழங்குகின்றனர் சிலர். அது தெற்கே தொடங்கி வடக்கே பிராகூயில் முடியும் வரிசை, தாய்-மகள் வரிசையன்று. மூலவடிவை அவ்வகராதி தரவேயில்லை. 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பும் தரவில்லை; அது பெருங்குறையே. வடமொழியே அனைத்துக்கும் மூலம் என்றாரைக் கால்டுவெல் 1856-இல் ஒப்பீட்டுச் சான்றால் மறுத்தார். அச்சான்றே தமிழ் 'வா'வையும் மூலம் என்னாமல் மூத்த சான்று என்கிறது. 'ரா'வும் 'பா'வும் அதன் சிதைவுகள் அல்ல, உடன்பிறப்புகள்.

பள்ளி இலக்கணத்தில் விகாரம் என்று எழுதும் இடத்தில் இவ்விரண்டையும் அருகே எழுதிக் காட்ட அரைப்பக்கம் போதும்.