சேவலைத் திருடிய கிழவி: மாணவர் படமும் அதன் சுவரொட்டியும்

சேவல் கூவாவிட்டால் பொழுது விடியாதா? இக்கேள்வியைக் கேட்டு நகைக்காத பகுத்தறிவாளர் எவரும் இரார். சேவல் தன் உடலுக்குள் அமைந்த காலக்கணக்கினால் விடியுமுன் கூவுகிறது. அது கூவினாலும் கூவாவிட்டாலும் சூரியன் தன் வேளையில் தோன்றவே செய்யும். அப்படியிருக்க, ஒரு கிழவி ஊர்ச்சேவலைத் திருடியதனால் அவ்வூருக்கு வெளிச்சமே இல்லாமற் போயிற்று என்னும் கன்னட நாட்டுப் பழங்கதையை மாணவர்கள் படமாக்கினார்கள். அப்படத்துக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் பிரான்ஸ் தேசத்துக் கான் படவிழாவில் மாணவர் படங்களுக்கான முதற்பரிசும் கிடைத்தது. மூடநம்பிக்கைக்கு முடி சூட்டியதாகாதா இது என்று நம் வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வி நியாயமானதே. அதனைத் தட்டிக் கழிக்காமல் விடை கூற முயல்வோம்.

முதலில் படத்தின் வரலாறு. பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960ஆம் ஆண்டு தோன்றியது புனே நகரத்துத் திரைப்படக் கல்லூரி. அதன் தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டுப் படிப்பு உண்டு. ஆண்டு முடிவில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகிய நான்கு துறைகளிலும் பயில்வோர் ஒன்றுகூடி ஒரு படம் எடுத்தாக வேண்டும். அத்தகைய பயிற்சிப் படமே இது. இயக்கியவர் சிதானந்த எஸ். நாயக். கன்னடத்தில் அமைந்த தலைப்பை நாம் ‘சூரியகாந்திப் பூவுக்கே முதலில் தெரிந்தது’ என்று தமிழில் சொல்லலாம். நீளம் ஏறக்குறைய 16 நிமிஷம். படம் பிடிக்கக் கிடைத்தவை நான்கே நாட்கள். 555 கல்லூரிகளிலிருந்து வந்த 2,263 படங்களுள் 18 மட்டுமே விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள்ளும் முதலிடம் பெற்று 15,000 யூரோ பரிசை இப்படம் வென்றது.

கையில் உள்ளதைக் கொண்டு கதையைத் தேர்ந்துகொள்ளுதல் மாணவருக்கு இன்றியமையாத அறிவாகும். சூரியன் உதிக்காத ஊரின் கதைக்கு இரவு போதும். இரவில் விளக்கு விழும் இடம் மட்டுமே காட்சியாகும். மற்ற இடத்தை அலங்கரிக்கும் செலவில்லை. காட்ட முடியாததை ஒலியினால் உணர்த்தலாம். நம் இளைஞர்களிற் பலரோ பெரும்படங்களைப் பார்த்துவிட்டு, சண்டையும் துரத்தலும் ஆட்டபாட்டமும் பதினைந்து நிமிஷத்துக்குள் அடங்கவேண்டுமென்று ஆசைப்பட்டுக் கடன்படுகிறார்கள். சிறுபடம் என்பது பெரும்படத்தைச் சுருக்கியதன்று. அது வேறொரு வகை.

நிற்க, மூடநம்பிக்கை பற்றிய கேள்விக்கு வருவோம். கதையில் இருள் சூழ்ந்ததும் நடப்பது யாது? முன்னோர் வாக்கு ஒன்று எடுத்து ஓதப்படுகிறது. அதன்படி கிழவியின் குடும்பம் முழுதும் சேவலைத் தேடிக் கொண்டுவருமாறு ஊரைவிட்டு அனுப்பப்படுகிறது. குற்றம் ஒருத்தியுடையது, தண்டனை குடும்பத்துக்கு. வாக்கின் பெயரால் மனிதரை ஊருக்குப் புறத்தே தள்ளும் வழக்கம் எந்தச் சமூகத்துக்குப் புதியது? சேவலைப் பற்றிய நம்பிக்கை வெறுங்கதை. மனிதரைத் துரத்தும் வழக்கமோ கதையன்று. இவ்விரண்டையும் பகுத்துப் பார்ப்பவனுக்கு இப்படம் மூடநம்பிக்கையை வளர்ப்பதாகத் தோன்றாது.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. பகுத்துப் பாராதவன் இதே கதையைக் கேட்டு, ‘பார்த்தீரா, சேவலைத் தொட்டதனால் வந்த வினை’ என்று தலையசைத்துப் போய்விடவும் கூடும். பழங்கதையைக் கையாளும் எவருக்கும் உள்ள அபாயம் இது. பதினாறு நிமிஷத்துக்குள் நின்று உபதேசம் செய்யவும் இடமில்லை. செய்தால் படம் கெடும். அப்படியானால் பார்ப்பவனை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவது எது? சுவரொட்டிதான்.

சுவரொட்டியைக் கூட்டம் சேர்க்கும் தாள் என்று மட்டும் நினைப்பது தவறு. தன் படம் எதைப்பற்றியது என்று அதை எடுத்தவனே கூறும் முதல் தீர்ப்பு அது. இதே கதைக்குப் பொற்கதிர் வீசும் சூரியனையும் கம்பீரமான சேவலையும் தீட்டினால் அஃது அற்புதப் படமாகிவிடும். இருண்ட வீதியில் முந்தானைக்குள் எதையோ மறைத்துச் செல்லும் ஒரு கிழவியைத் தீட்டினாலோ, அது மனிதரைப் பற்றிய படமாகும். படம் ஒன்றே, பார்ப்பவன் அதற்குள் நுழையும் வாயில் வேறு.

இதனை நன்குணர்ந்தவர் சத்யஜித் ராய். அவர் 1943ஆம் ஆண்டு கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் சித்திரக்காரராகச் சேர்ந்தவர். பின்னர்த் தம் படங்கள் பலவற்றுக்குத் தாமே சுவரொட்டி வரைந்தார். 1960இல் வந்த ‘தேவி’, மாமனாரின் கனவை நம்பி ஒரு மருமகளைத் தெய்வமாக்கி அழித்த குடும்பத்தின் கதை. சுவரொட்டியில் அவர் தந்தது அப்பெண்ணின் முகத்தை, ஒளியும் இருளுமாக. வணங்குவதற்குரிய தெய்வமாக அன்று, இரக்கத்திற்குரிய பெண்ணாகவே அவளை நாம் முதலில் சந்திக்கிறோம்.

நம் மாணவர் சுவரொட்டிகளிற் பெரும்பாலானவை எப்படியிருக்கின்றன? ஐந்து முகங்கள், இயக்குநர் பெயர் தலைப்பைவிடப் பெரிதாக, விழாக்களின் இலைச்சின்னங்கள் நெருக்கியடித்துக்கொண்டு. இத்தாளினின்று படம் எதைப்பற்றியது என்பதை அறிய வழியில்லை. எளிய வழிகள் சில கூறுவோம். ஒரே ஓர் உருவம் போதும். அதற்கான நிழற்படத்தைப் படப்பிடிப்பு நாளிலேயே தனியாக எடுத்துவைக்க வேண்டும். ஓடும் படத்திலிருந்து பிற்பாடு பிரித்தெடுப்பது பெரும்பாலும் மங்கிப் போகும். தலைப்பைத் தாய்மொழியில், தக்க எழுத்தில் அமைக்க வேண்டும். இன்று சுவரொட்டியைச் சுவரிற் காண்போரைவிடக் கைப்பேசியிற் காண்போரே அதிகம். ஆதலால் கட்டைவிரல் நகத்தளவு சுருக்கிப் பார்த்து, தலைப்பு வாசிக்கக்கூடவில்லையானால் திருத்தி எழுத வேண்டும்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இப்படத்தை இயக்கியவர் வைத்தியப் படிப்பை முடித்த பின்னரே இத்துறைக்கு வந்தார். ‘டாக்டருக்குப் படித்தவன் படம் பிடிக்கப் போவதா?’ என்று திகைக்கும் தாய் தந்தையர் நம்மிடையே ஏராளம். பிள்ளை கேமராவைத் தொட்டதனால் குடி கெட்டுவிடும் என்று நம்புவதும், சேவல் போனதனால் பொழுது விடியாது என்று நம்புவதும் ஏறக்குறைய ஒன்றே. அவன் எதை எடுக்கிறான், யார் பக்கம் நின்று எடுக்கிறான், அதைச் சுவரொட்டியில் நாணயமாகச் சொல்கிறானா என்று கேளுங்கள். அக்கேள்விகளுக்கு அவனிடம் விடை இருக்குமானால், தடை சொல்லாதீர்கள்.