பொதுவில் வைத்தது பொதுச்சொத்தா?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்திற்கெனப் பெறும் ஒப்புதலை முதன்மை அடிப்படையாகக் கொண்டுள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதன் 3ஆம் பிரிவு, ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரங்களைச் சட்டத்தின் எல்லைக்கு அப்பால் நிறுத்திவிடுகிறது. மாரமங்கலத்தில் ஒருவர் ஊரார் காண முகநூலில் இட்ட தம் படத்தை, செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் கேளாமலே அள்ளிக்கொண்டாலும் இச்சட்டம் தடுக்காது. செல்வாக்குள்ளோர்க்குச் சாதகமான மௌனம் இது!

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் மிக நுட்பமானவை. ஓர் ஊர்வரை செல்ல இரவல் பெற்ற குதிரையை, உடையவர் அனுமதியின்றி அதற்கப்பால் ஓட்டிச் சென்றவர் இழப்பிற்குப் பொறுப்பாளியாவார். குதிரை மனமுவந்து தரப்பட்டதுதான். அந்த எல்லைவரை மட்டும். காண்பதற்குத் தந்த இசைவு கையாள்வதற்கான இசைவன்று.

ஆராய்ச்சி தடைப்படும் என்பர். ஆராய்ச்சிக்கு 17ஆம் பிரிவு நிபந்தனைகளுடன் தனியே விலக்களித்திருக்கிறதே! 3ஆம் பிரிவில் ‘நோக்கம்’ என்னும் ஒரு சொல்லையேனும் சேர்த்திருக்கலாம்.