கறிக்குப் போகாத கேரட்

கேரட் பூவைப் பார்த்தவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. பொரியலுக்கும் குருமாவுக்கும் அன்றாடம் நறுக்குகிற காய்தான். ஆனால் அதன் ஆயுளில் முதல் பாதியோடு நமக்கும் அதற்கும் கணக்கு முடிந்துவிடுகிறது. முதல் பருவத்தில் இலை விட்டுக் கிழங்கில் இனிப்பைச் சேர்ப்பது, அடுத்த பருவத்தில் பூத்து விதைப்பதற்காக. நடுவில் நாம் புகுந்து பிடுங்கிவிடுகிறோம். பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல், பெரிய வெங்காயம் எல்லாமே இந்த இரண்டு பருவக் கூட்டம்தான்.

பூப்பதற்குக் குளிர் வேண்டும். நாண்டிஸ் போன்ற ஐரோப்பிய கேரட், 10 டிகிரிக்குக் கீழே ஆறேழு வாரமாவது கிடக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர். சமவெளியில் அது வெறும் இலையாகவே நின்றுவிடும். ஊட்டி, கேத்திப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் விதை எடுப்பவர்களுக்கு மார்கழி, தைக் குளிர் கைகொடுக்கும். அதுவும் போதாத வருஷத்தில் கிழங்கை ஈரமணலில் பொதிந்து ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைப்பதுண்டு. வீட்டில் இடம் கேட்டுச் சண்டை வரும். அது வேறு கதை.

விதை எடுப்பவரின் ரசனை தெரிவது தாய்க்கிழங்கைப் பொறுக்குவதில்தான். பாத்தி முழுவதையும் பிடுங்கிப் பரப்பிவைத்துப் பார்க்க வேண்டும். தோள் பச்சை பிடித்தது, வெடித்தது, கவைத்தது எல்லாம் சமையலுக்கு. மிஞ்சியதில் நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை நறுக்கினால் நடுத்தண்டு தெரியும். அது வெளுத்துப் பருத்திருந்தால் அதுவும் கழிவு. ஓரமும் நடுவும் ஒரே நிறமாக இருப்பதை ஒரு துண்டு கடித்துப் பார்த்து, இனித்தால் மட்டும் ஒதுக்கிவைப்பார்கள். வெட்டுவாய் நிழலில் காய்ந்ததும், கொண்டை மண்மட்டத்தில் இருக்கும்படி மறுபடி நட வேண்டும். ஆக, தோட்டத்திலேயே நல்ல கேரட் எதுவோ அது மட்டும் இலைக்குப் போய்ச் சேராது.

பிரான்ஸில் 19-ஆம் நூற்றாண்டில் லூயி தெ வில்மொரான் சர்க்கரை பீட்ரூட் கிழங்கில் இதே வேலையை உப்புத் தண்ணீரில் செய்தார். இனிப்பு கூடினால் அடர்த்தி கூடும். மிதப்பதைத் தள்ளி, மூழ்குவதை நட்டார். பிறகு கிழங்கிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சாற்றைச் சோதிக்கும் முறைக்கும் போனார். கிழங்கு சாகாமலே அதன் இனிப்பு தெரிந்துவிடும். அழகான யோசனை.

கேரட் விதை எடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதல் பருவத்திலேயே அவசரப்பட்டுப் பூக்கிற செடி சில வரும். விதை சும்மா கிடைக்கிறதே என்று எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் அடுத்த தலைமுறையும் கிழங்கு திரளுமுன் பூக்கத்தான் பார்க்கும். கண்டதும் பிடுங்கிவிட வேண்டும். ஒன்றிரண்டு செடியோடு நிறுத்திக்கொள்வதும் ஆகாது. தலைமுறைக்குத் தலைமுறை வீரியம் குன்றும். இருபது கிழங்காவது வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தில் இவ்வளவும் வீண் உழைப்பு. பிள்ளைகள் தாயைப் போல வராது.

நட்ட கிழங்கு இடுப்புயரம் தாண்டி, உச்சியில் வெள்ளைப் பூக்குடை விரிக்கும். தேனீயோடு ஈயும் குளவியும் மொய்க்கும். உச்சிக்குடை முதலில் முற்றும். திரட்சியான விதை அதில்தான். முற்ற முற்ற அது உள்நோக்கிச் சுருண்டு குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். பழுப்பேறியதும் வெட்டி உலர்த்தி உள்ளங்கையில் தேய்த்தால் கேரட் வாசனையே எழும். விதை முழுக்கப் பொடி முள்; தோலில் ஒட்டிக்கொண்டு லேசில் உதிராது. கடையில் வாங்குகிற பொட்டலத்தில் முள்ளைத் தேய்த்து எடுத்துவிடுவதால் பலருக்கு இது தெரியாது.

பீட்ரூட் விதை என்று நாம் ஊன்றுவது பெரும்பாலும் தக்கை போன்ற ஓர் உருண்டை. உள்ளே இரண்டு மூன்று விதை இருக்கும். ஒன்றை ஊன்றினால் கொத்தாக முளைப்பது அதனால்தான். ஈரம் படாமல் வைத்தால் நாலைந்து வருஷம் தாங்கும். வெங்காய விதைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு விழத் தொடங்கும். அதை மட்டும் டப்பாவில் பத்திரப்படுத்தாமல் அடுத்த பருவத்திலேயே நாற்றங்காலில் தூவிவிடுவது நல்லது.