புறக்காழ்

கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். லாச்சி ஒல்லாந்தருடையது. 1578இல் முன்னேஸ்வரக் கோயிலை இடித்தவர்களின் மொழியில்தான் சிலாபக் கரையில் இன்றும் வீட்டுத் தளபாடங்களைப் பெயர்சொல்லி அழைக்கிறோம். ஆனால் 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் மீண்டெழுந்த அந்தக் கோயிலின் மகோற்சவத்தில் சுவாமி கதிரையில் வருவதில்லை. வாகனத்திலும் தேரிலும் வருகிறார். வாகனம் என்பது சுமக்கவும் வேண்டும், பார்த்தவர் நின்று கும்பிடும் அழகோடும் இருக்க வேண்டும். இன்று உலகக் காட்சிக்கூடங்கள் ‘கலைத் தளபாடம்’ என்று பெயரிட்டு விற்பதன் இலக்கணமும் அதுவே.

அத்தகைய தளபாடங்களை இன்று வடிவமைக்கும் கணினியும் நமது தச்சருக்கு அவ்வளவு அந்நியமானதல்ல. மயமதமும் மானசாரமும் ஊர்திக்கும் கட்டிலுக்கும் ஆசனத்துக்கும் அத்தியாயங்கள் ஒதுக்கியவை. ஓர் அளவை மாற்றினால் மற்ற அளவுகள் எல்லாம் விகிதப்படி மாறும் முறை அவற்றில் உண்டு. இன்றைய வடிவமைப்பு மென்பொருளும் அதே வேலையைத்தான் செய்கிறது. கண்டிக்கு அருகே எம்பெக்கே தேவாலயத்தின் கூரையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. அந்த முடிச்சைக் கணித்தவர் கையில் இருந்ததும் கணக்குத்தான்.

மேற்கில் கணினி வழிக் கலைத் தளபாடத்தின் அடையாளப் படைப்பாகப் பலரும் காட்டுவது நெதர்லாந்தின் யெரூன் வெர்ஹூவன் 2005இல் செய்த சின்டரெல்லா மேசையை. பழைய மேசை ஒன்றின் கோட்டையும் இழுப்பறைப் பெட்டி ஒன்றின் கோட்டையும் கணினியில் கலந்து, 57 அடுக்கு ஒட்டுப்பலகைகளை கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டி ஒட்டி, கடைசியில் கையால் இழைத்த மேசை அது. வியக்க வைக்கும் வேலை. ஆனால் ஒட்டுப்பலகை என்பது ரேகையின் குணத்தை முன்கூட்டியே அடக்கிவைத்த மரம். இயந்திரத்தை அது எதிர்த்துப் பேசாது. அதே நாட்டின் யோரிஸ் லார்மன் 2014இல் சிறுதுண்டுகளைப் புதிர்போலக் கோத்துக் கதிரைகள் செய்தார். எனக்கு அவர்களைவிட நெருக்கமானவர் அமெரிக்காவின் வென்டெல் காசில். 1960களிலிருந்தே பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கிவந்தவர், 2018இல் இறப்பதற்கு முந்திய ஆண்டுகளில் கையால் செய்த சிறு மாதிரியைக் கணினியில் பதிந்து இயந்திரக் கையால் பெரிதாகக் கடைந்தெடுத்தார். அரை நூற்றாண்டுக் கைப்பழக்கம் முதலில் வந்தது, இயந்திரம் பிறகு வந்தது.

நம் பக்கத்தில் வரிசை தலைகீழாகிவிட்டது. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் சி.என்.சி.யில் வெட்டிய பிள்ளையார் கதவுகளைப் பார்க்கிறோம். மேலிருந்து மட்டும் இறங்கும் மூன்றச்சு இயந்திரத்தால் தும்பிக்கையின் அடிப்பக்கத்தைக் குடைய முடியாது. அதனால் உருவம் பலகையில் அழுத்திய பிஸ்கற்போல நின்றுவிடுகிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர்ச் சிற்பிகள், பெரும்பாலும் ஒரே கட்டையிலிருந்து உருவத்தைச் சுற்றிலும் விடுவிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த தமது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலில் கைவினைஞர் மரபு அறுந்துபோவதைக் கண்டு வருந்தினார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இயந்திரத்தை விலக்கிவிட்டால் அது தீராது.

இந்தக் கரைக்கு உரிய கேள்வி தென்னை. புத்தளம், குருநாகல், கம்பஹா சேர்ந்த தென்னை முக்கோணத்தின் கரையோரம் நாம் இருப்பது. தொல்காப்பிய மரபியல் தென்னை இனத்தை மரமென்று சொல்வதில்லை. உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் என்பது அதன் பகுப்பு. புறக்காழ், அகக்காழ் என்ற சொற்களே அதைச் சொல்லிவிடுகின்றன. பல நூற்றாண்டுகள் கழித்து மரவியலும் அதை உறுதிசெய்தது. முதிர்ந்த தென்னையின் வெளிப்பகுதி ஒரு கனமீற்றருக்கு 600 கிலோவைத் தாண்டும். நடுப்பகுதி 400க்கும் கீழே. ஆண்டு வளையமில்லை, கிளைக்கணு இல்லை. சிலிக்கா இருப்பதால் உருக்கு அலகு விரைவில் மழுங்கும். காபைட் அலகு வேண்டும்.

மேற்பரப்பிலிருந்து ஆழம் போகும் இயந்திர அலகு, வைரத்திலிருந்து சோற்றுக்குள் இறங்கியதை அறியாது. அங்கே நார் பிய்ந்து பஞ்சாகும். எந்தப் பலகை புறத்திலிருந்து அறுக்கப்பட்டது, எதில் எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்லும் காது தச்சரிடம் இருக்கிறது. லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தெற்கே மொறட்டுவையில் பல்கலைக்கழகமும் தச்சுப்பட்டறைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. புறக்காழின் கறுப்புப் புள்ளிகளையே அழகாக்கி ஒரு கலைத் தளபாட மரபு தொடங்க இதைவிடப் பொருத்தமான கரை எது?

ஒரு சின்ன இடத்தில் இயந்திரமும் தச்சரும் சேரும் இந்தக் கூட்டு சோதிக்கப்படும். வட்டமாகச் சுழலும் 6 மில்லிமீற்றர் அலகு நாற்சதுரத் துளையை வெட்டினால், உள்மூலைகளில் 3 மில்லிமீற்றர் ஆரத்துக்கு வளைவு மிஞ்சும். துளையில் பொருந்தும் நாக்கின் விளிம்பை உருட்டலாம். மூலையைத் தாண்டிக் குடைந்து ஒரு காது விடலாம். அல்லது உளி வைத்துச் சதுரமாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பார்வை வேறு, பலம் வேறு. வரைபடம் போடும் நாளிலேயே தச்சரை அழைத்து, அவர் பெயரையும் அதில் எழுதி, மூலையை என்ன செய்யலாம் ஐயா என்று கேட்க வேண்டும்.