ஓரத்தில் ஒரு கை

2004 டிசம்பர் 28. சுனாமி அடித்து மூன்றாம் நாள். ராய்ட்டர்ஸின் அர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம், அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படமாக வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது பெற்று, தேசம் தேசமாகக் கண்காட்சிச் சுவர்களில் தொங்கியது.

மணலில் குப்புற விழுந்து ஒரு பெண் அழுகிறாள். முகம் மண்ணை நோக்கி, விரிந்த உள்ளங்கைகள் வானம் பார்த்து. இறந்த உறவினரின் உடல் படத்துக்கு வெளியே. ஓரத்தில் கை மட்டும் தெரிகிறது. எனக்கு அந்தக் கைதான் படமே. அதை விரலால் மறைத்துப் பாருங்கள். ஏதோ சாமி முன்னால் விழுந்து கும்பிடுகிறாள் என்று சொன்னால்கூட நம்பிவிடுவோம். சாட்சி ஓரத்தில் இருக்கிறது. பத்திரிகையில் அச்சிடும்போது அழகுக்காக வெட்டப்படுவதும் பெரும்பாலும் ஓரம்தான்.

பக்கத்துச் சிதம்பரம் கோயிலில் திரையை விலக்கி வெற்றிடத்தைக் காட்டுவார்கள். தத்தா, கொஞ்சம் விலக்கியதோடு நிறுத்திக்கொண்டார்.